எத்திராஜுக்கு எத்திராஜ் துணை

எத்திராஜுக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது. அதற்காக ஆந்திர எல்லையில் நகரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து விடியுமுன் ஒரு வேன் திருப்பதிக்குப் புறப்பட்டது. வேன் நிறைய சொந்தக்காரர்கள். உட்கார இடம் போதாமல் அவருடைய மச்சினன் வேங்கடாசலம் கதவோரம் குந்திக்கொண்டு வந்தான்.

ஓர் எக்ஸ்ரேவுக்கு எதற்கு இத்தனை பேர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் திருப்பதிக்கு யார் எதற்குப் போனாலும், அது வழக்கு விஷயமானாலும் சரி, காலேஜ் சீட்டானாலும் சரி, கேள்விப்பட்டவர்கள் எல்லாம் கூட ஏறிக்கொள்வார்கள். கீழே நடக்கிற காரியம் போகிறவனுடையது. மேலே மலையில் இருக்கிற சாமி எல்லோருக்கும் பொது. தனியாகத் திருப்பதிக்குப் போய்விட்டு வருகிறவனைப் பற்றி ஊரில் அவ்வளவு நல்லவிதமாகப் பேசமாட்டார்கள். அந்த வகையில் எத்திராஜ் கொடுத்துவைத்தவர். அவருக்கு ஒரு வேன் நிறைய ஆள் இருந்தது.

விஷயம் சித்தூரில் ஆரம்பித்தது. இடுப்பில் வலி என்று போனவரை அங்கே டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இடது பக்கச் சிறுநீர்க் குழாயில் கல் ஒன்று ரொம்ப நாளாகக் குடியிருக்கிறது, மேலே கிட்னி வீங்கிப்போயிருக்கிறது என்றார்.

"அது இன்னும் வேல செய்யுதா, சும்மா குந்திக்கினு இருக்குதான்னு தெரியணும். திருப்பதிக்குப் போய் டைன்னு ஒரு மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுத்துக்கினு வா. கைல ஊசி போடுவாங்க. மருந்து ரத்தத்துல போயி கிட்னி வழியா இறங்கும். இறங்கிச்சுன்னா படத்துல வெள்ளையா தெரியும். இறங்கலேன்னா..."

அந்த இடத்தில் டாக்டருக்கு ஒரு போன் வந்தது. எத்திராஜ் அந்தப் பாதி வாக்கியத்தோடு ஊர் திரும்பினார். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் மாந்தோப்பில் நிற்கும்போதும் அதுதான் கூட இருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வயிற்றைக் கழுவுகிற மருந்தைக் குடித்தார். வயிற்றில் எதுவும் மிச்சமிருந்தால் படத்தில் அது வந்து மறைத்துக்கொள்ளுமாம். மருந்து தன் கடமையை அளவுக்கு மேல் செய்தது. வேனைப் புத்தூரில் ஒரு தடவையும் வடமாலப்பேட்டையில் ஒரு தடவையும் நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டு இடத்திலும் மற்றவர்கள் இறங்கி டீ குடித்தார்கள். அவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நின்றது. எத்திராஜ் இறங்கினார். வேறு யாரும் இறங்கவில்லை.

"உள்ள வந்து நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றாள் அவர் மனைவி செங்கம்மா, ஜன்னல் வழியாக. "அவங்க படிச்சவங்க, பாத்துக்குவாங்க. மேல ஒருத்தர் போயி சொல்லணும் இல்ல? உனுக்கு ஊசி போடற நேரத்துக்கு நான் அலிபிரி படில ஏறிக்கினு இருக்கணும். அப்பிடித்தான் வேண்டிக்கினேன்."

"நான் வேணா இருக்கட்டுமா மாமா?" என்றான் வேங்கடாசலம். கேட்கும்போது அவன் இரண்டு காலும் வேனுக்குள்தான் இருந்தன.

"வாணாம்டா. நீ போயி மொட்ட போட்டுக்கினு வா" என்றார் எத்திராஜ்.

வேன் மலைப்பக்கம் திரும்பியது. அதில் இருந்த அத்தனை பேரும் அவருடைய கிட்னிக்காகத்தான் போனார்கள். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

ஸ்ரீ சௌபாக்கிய சிறுநீரக மகா நிலையம் என்பது ஆஸ்பத்திரியின் பெயர். வாசலில் 'நீங்கள் நோயாளி அல்ல, எங்கள் குடும்பம்' என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் கேடயங்கள் இருந்தன. குடும்பநேய மருத்துவமனை என்று அந்த ஆஸ்பத்திரிக்கு அந்த ஆஸ்பத்திரியே ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டவை அவை.

கவுன்ட்டரில் ரூபா என்கிற நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். மீன் சாப்பிட்டால் உடம்பு தடிக்குமா, மூச்சிரைப்பு உண்டா, சர்க்கரை மாத்திரை உண்டா என்று கேட்டாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இடது கையில் பச்சைப் பட்டை ஒன்றைக் கட்டினாள். அப்புறம் மஞ்சள் பட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அட்டெண்டர் எவரு?"

"யாரும்மா?"

"உங்களோட வந்தவங்க. கூட இருக்கறவங்க. பிலுவண்டி, கூப்பிடுங்க."

"மலைக்குப் போயிருக்காங்க."

"ஒருத்தர் கூடவா இல்ல?"

"ஒரு வேன் இருக்காங்கம்மா. எல்லாரும் மேல இருக்காங்க."

போன் போட்டுப் பார்த்தார்கள். செங்கம்மாவிடம் போன் கிடையாது. வேங்கடாசலத்தின் போன் அணைந்திருந்தது. கோயிலுக்குள் போனைக் கொண்டுபோக முடியாது என்பதால், மலையடிவாரத்திலேயே வேனின் அத்தனை போன்களையும் ஒரு பையில் போட்டு அணைத்துவைப்பது வேங்கடாசலத்தின் முன்ஜாக்கிரதை.

"அப்பிடின்னா இன்னிக்கு ஆகாது பெத்தாயனா, பெரியவரே. அட்டெண்டர் கையெழுத்து இல்லாம எடுக்க மாட்டாங்க. அடுத்த மாசம் வாங்க."

எத்திராஜ் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டார். அடுத்த மாதம் என்றால் மறுபடி வயிற்றைக் கழுவ வேண்டும், அது பரவாயில்லை. அதுவரை அந்தப் பாதி வாக்கியத்தோடு இருக்க வேண்டும். நாள் கடத்தாதே என்று சித்தூர் டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

"நான் பெரிய மனுஷன்தானே? நானே கையெழுத்துப் போடறேன்மா."

ரூபா உள்ளே போய் முரளிதரனை அழைத்துவந்தாள். முரளிதரன் அந்த ஆஸ்பத்திரியின் குடும்ப ஒருங்கிணைப்பு அதிகாரி. கழுத்தில் டை கட்டியிருந்தார். தமிழும் தெலுங்கும் தெரிந்தவர், இரண்டிலும் மேடையில் பேசுவது போலவே பேசுவார்.

"ஐயா, நீங்க ஒரு கிட்னிய எடுத்துக்கிட்டு இங்க வந்திருக்கீங்க. நாங்க கிட்னியப் பாக்கறதில்ல. குடும்பத்தப் பாக்கறோம். குடும்பம் இல்லாத கிட்னி எங்க கம்ப்யூட்டர்ல ஏறாது."

"வெளிய போர்டுல நீங்கதான் எங்க குடும்பம்னு போட்டிருக்கீங்களே சார். உங்க ஆளுங்கள்ல யாருன்னா ஒருத்தர் நிக்கலாமே."

முரளிதரன் முகத்தில் வருத்தம் தெரிந்தது. "அது உணர்வுபூர்வமான வாசகம்யா. நடைமுறை இல்ல. நாளைக்கு எதுன்னா ஒண்ணு ஆச்சுன்னா நாங்க யாருக்கு ஆறுதல் சொல்றது? ஆறுதல் சொல்றதுக்குன்னே மேல ஒரு ரூம் கட்டி ஏசி போட்டு வெச்சிருக்கோம். ஆள் இல்லாம அது எதுக்கு?"

ரூபாவுக்கு ட்யூட்டி முடிகிற நேரம். அவள் கம்ப்யூட்டரில் அட்டெண்டர் பெயர் என்ற இடத்தில் எத்திராஜ் என்று அடித்தாள். உறவு என்ற இடத்தில் அப்பா, அம்மா, மகன், மருமகள் என்று வரிசையாக வந்து, கடைசியில் 'தானே' என்று ஒன்று வந்தது. அதை அழுத்தினாள். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

முரளிதரன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் முகம் மெதுவாகப் பிரகாசமானது.

"சுய அட்டெண்டர்" என்றார். "மனுஷனுக்கு மனுஷனே குடும்பம். இத நாங்க இந்த வருஷக் கேடயத்துக்கு எழுதிப் போடலாம்." எத்திராஜின் தோளில் கைபோட்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். வலது கையில் மஞ்சள் பட்டை ஏறியது. கழற்ற முடியாத பட்டை. டிஸ்சார்ஜ் ஆகும்போதுதான் வெட்டுவார்களாம்.

ஒருவரே இரண்டு பேர் என்று ஆன பிறகு இருவருக்கும் உள்ள விதிகள் தனித்தனியாக நடைமுறைக்கு வந்தன.

முதலில் அட்டெண்டர்களுக்கான வகுப்பு. அது கட்டாயம். ஹாலில் ஜோடி ஜோடியாக நாற்காலி போட்டிருந்தார்கள். முரளிதரன் மைக் பிடித்தார்.

"மனுஷனுக்கு ரெண்டு கிட்னி. அட்டெண்டர்தான் மூணாவது கிட்னி. பேஷன்ட்டோட கவலையெல்லாம் அட்டெண்டர் வழியா வடிஞ்சு வெளிய போகணும். ஆஸ்பத்திரி பக்கம் வரக் கூடாது."

சிலர் கைதட்டினார்கள். பிறகு பயிற்சி. பக்கத்தில் இருக்கிற உங்கள் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் இருக்கிறேன் என்று மூன்று முறை சொல்லச் சொன்னார். ஹால் முழுக்க ஒரே முணுமுணுப்பு. எத்திராஜின் பக்கத்து நாற்காலி காலி. அவர் சுற்றிலும் பார்த்தார். முரளிதரன் மேடையிலிருந்து கையைக் காட்டி அவசரப்படுத்தினார். எத்திராஜ் மஞ்சள் பட்டை கட்டிய கையால் பச்சைப் பட்டை கட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லவும் சொன்னார். பிடித்த கை பிறகு விடவில்லை, வகுப்பு முடியும் வரைக்கும் பிடித்தபடியே இருந்தது.

அடுத்தது உப்புமா. வெறும் வயிற்றில் இருக்கிற அட்டெண்டர் மயக்கம் போட்டு விழுந்தால் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேர் என்பதால் எல்லா அட்டெண்டரும் சாப்பிட்டாக வேண்டும். நோயாளி சாப்பிடவே கூடாது.

"நான் துன்னலாமா, துன்னக் கூடாதா?" என்று கேட்டார் எத்திராஜ்.

உப்புமா போடுகிறவர் இரண்டு பட்டைகளையும் பார்த்தார். இந்த விஷயத்தில் தன்னை மாட்டிவிட வேண்டாம் என்பது போல் தட்டை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். எத்திராஜ் அதன் முன்னால் உட்கார்ந்தார். உப்புமாவில் முந்திரி போட்டிருந்தது. ஆவி அடங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அட்டெண்டர் உணவருந்தினார் என்று எழுதிக்கொண்டார்கள்.

எக்ஸ்ரே அறை வாசலில் காவலாளி கிருஷ்ணப்பா நின்றிருந்தார்.

"அட்டெண்டருங்கள உள்ள உட மாட்டேன். கதிர் அடிக்கும்."

"நான் பேஷன்ட்டுதான்."

"அந்தக் கைய காட்டு." பார்த்தார். "இன்னொரு கைய காட்டு." அதையும் பார்த்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளாக இப்படி ஒன்று வந்ததில்லை. "பேஷன்ட் போலாம். அட்டெண்டர் வெளிய நிக்கணும். அதான் ஆர்டரு."

"எப்பிடிய்யா நிக்கறது?"

கிருஷ்ணப்பா நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, எத்திராஜின் துண்டை வாங்கி மஞ்சள் பட்டை தெரியாமல் வலது கையில் சுற்றிக் கட்டினார். "இந்தக் கைய உள்ள யாருக்கும் காட்டாத. எனுக்கு வேல போயிடும்."

உள்ளே சுதீர் என்கிற எக்ஸ்ரேக்காரர் இருந்தார். இளைஞர். மரியாதையாகப் பேசினார். உடையை மாற்றச் சொல்லி, பின்பக்கம் முடிச்சுப் போடுகிற ஒரு அங்கியைக் கொடுத்தார். முடிச்சுக்கு அட்டெண்டரைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், சீட்டைப் பார்த்துவிட்டு, தானே போட்டுவிட்டார். மேஜை சில்லென்று இருந்தது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் வெறுமனே ஒரு படம் எடுத்தார். அப்புறம் ஊசிக்கு நரம்பு தேடினார்.

இடது கையில் நரம்பு கிடைக்கவில்லை. ராத்திரியெல்லாம் வயிறு போய், தண்ணீரும் குடிக்காமல் நரம்பெல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டிருந்தன.

"அந்தக் கையக் குடுங்க பெத்தாயனா. இன்னா துண்டு இது?"

"அது அட்டெண்டர் கைப்பா" என்றார் எத்திராஜ்.

சுதீர் துண்டை அவிழ்த்தார். மஞ்சள் பட்டையைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். போன வருடம் அட்டெண்டர் ஒருவருக்குத் தவறுதலாக ஊசி போட்டு, அதன் பிறகு வந்த சுற்றறிக்கையை அவர் மறக்கவில்லை. முரளிதரனுக்குப் போன் போனது. முரளிதரன் அறை வாசலுக்கே வந்து, கதவிடுக்கு வழியாகப் பேசினார்.

"அட்டெண்டர் எத்திராஜ் அவர்களே, பேஷன்ட் எத்திராஜோட நலனுக்காக உங்க கைய குத்தறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம் சார்."

"யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"எனுக்கு யாரும் இல்ல சார், கட்டாயப்படுத்த."

"நன்றி. உங்க தியாகத்த நிர்வாகம் மறக்காது."

ஊசி ஏறியது.

மருந்து உள்ளே போகப் போக உடம்பு முழுக்கச் சூடு பரவியது. வாயில் இரும்பைக் கடித்தது போல ஒரு ருசி. அங்கியிலேயே சிறுநீர் போய்விட்டது என்று நினைத்துப் பதறினார்.

"போகல. அப்பிடித்தான் தோணும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும்" என்றார் சுதீர். "நமச்சல் எடுத்தா, மூச்சு முட்டினா உடனே சொல்லுங்க."

மருந்து சட்டென்று கீழே வடிந்துவிடாமல் இருக்க வயிற்றில் ஓர் அகலப் பட்டையை இறுக்கினார்கள். மூச்சைப் பிடி என்று ஒரு குரல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வரும். பிடிப்பார். விடு என்று வரும். விடுவார். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் வராது. படத்துக்கும் படத்துக்கும் நடுவே மருந்து இறங்குவதற்காகக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் சுதீரும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். மேலே மெஷின் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

எத்திராஜ் இடுப்பின் இரண்டு பக்கத்தையும் கவனித்துப் பார்த்தார். இறங்குகிறதா என்று உள்ளே கேட்டுப் பார்த்தார். வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தன. செங்கம்மா இப்போது எந்தப் படியில் இருப்பாள் என்று யோசித்தார். அவளுக்கு முழங்கால் ஆகாது. கீழே இருந்திருந்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்தில் இருக்கிறவளிடம் அவரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். கதவு வழியாக அது கேட்டிருக்கும்.

வயிற்றுப் பட்டையைத் தளர்த்தி இன்னும் சில படம் எடுத்தார்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லிக் கடைசியாக ஒன்று. சிறுநீர் எப்போதும் போலத்தான் இருந்தது, மருந்து போன நிறமே தெரியவில்லை.

"இறங்கிச்சாப்பா?" என்று கேட்டார்.

சுதீர் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "டாக்டர் சொல்வாரு. நிறைய தண்ணி குடிங்க. அட்டெண்டர வெளிய உக்காரச் சொல்லுங்க."

எத்திராஜ் வெளியே வந்து டாக்டர் அறைக்கு முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"எத்திராஜோட அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க. பேஷன்ட் அங்கேயே இருக்கட்டும்."

எழுந்தார். உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

டாக்டர் திரையில் படங்களை நகர்த்திக்கொண்டிருந்தார். மேஜைமேல் வைத்த மஞ்சள் பட்டைக் கையை மட்டும் பார்த்தார்.

"நீங்க அவருக்கு இன்னா ஆகணும்?"

"கூட வந்தவன் சார்."

"நல்லாத் தெரிஞ்சவரா?"

"கூடவேதான் இருக்கேன்."

"நல்லது. பேஷன்ட்டுங்ககிட்ட நாங்க நேரா எதுவும் சொல்றதில்ல. சொன்னா பயந்துடுவாங்க. பயந்தா கேள்வி கேப்பாங்க. ஒரு கேள்விக்கு பதில் சொன்னா இன்னொண்ணு கேப்பாங்க. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு." திரையில் விரலை வைத்தார். "இது வலது பக்கம். பாருங்க, பளிச்சுன்னு இறங்கியிருக்குது. இது இடது."

இடது பக்கம் கறுப்பாக இருந்தது.

"இது கடைசிப் படம். இதுலயும் இல்ல. மருந்து அந்தப் பக்கம் வரவே இல்ல."

"அப்பிடின்னா சார்?"

"கல்லு ரொம்ப நாளா அடச்சிக்கினு இருந்து கிட்னிய வீணாக்கிடுச்சுன்னு நெனைக்கறேன். இன்னொரு ஸ்கேன் பாத்துட்டு முடிவு பண்ணலாம். எடுக்க வேண்டி வரலாம். ஒண்ணோட நல்லா வாழலாம், பிரச்சின இல்ல. ஆனா இப்ப அவருகிட்ட சொல்லாதீங்க. ஊருக்குக் கூட்டிக்கினு போங்க. சாப்பிடட்டும், தூங்கட்டும். நல்ல மனசுல இருக்கறப்போ பக்கத்துல குந்திக்கினு மெதுவா சொல்லுங்க."

"சரி சார். மெதுவா சொல்றேன்."

"ஆளு தைரியசாலியா?"

எத்திராஜ் யோசித்தார்.

"தெரியல சார். இன்னிக்குத்தான் கூட வந்தேன்."

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். கவுன்ட்டரில் இரண்டு பட்டைகளையும் வெட்டி இரண்டு தனித்தனிக் குப்பைத்தொட்டிகளில் போட்டார்கள். எத்திராஜ் வாசலில் போய் நின்றார். வெயில் இறங்கி, ரோட்டில் விளக்கு போட்டார்கள். பசி எப்போதோ போய்விட்டிருந்தது.

இருட்டத் தொடங்கியபோது வேன் வந்தது. உள்ளே வரிசையாகச் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். செங்கம்மா கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக இறக்கினாள். கணுக்கால் வீங்கியிருந்தது.

"முக்கால்வாசிப் படி ஏறினப்புறம் திடீர்னு உடம்பு லேசாப் போச்சுய்யா" என்றாள். "எம் பாரத்த யாரோ வாங்கிக்கினாப்புல. அப்பவே தெரிஞ்சுபோச்சு, உனுக்கு மருந்து இறங்கிடுச்சுன்னு. நின்னு அங்கேயே கும்புட்டுட்டேன்."

"நாங்க எல்லாரும் உன் பேரச் சொல்லித்தான் கும்புட்டோம் மாமா" என்றான் வேங்கடாசலம்.

எத்திராஜ் அவளைப் வேன் படியில் கைகொடுத்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தார்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள் செங்கம்மா.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"பின்ன யாருகிட்ட சொன்னாரு?"

"கூட இருந்தவங்ககிட்டதான் சொல்லுவாங்களாம்."

வேன் நகர்ந்தது. உள்ளே இருந்த மொட்டைகள் எல்லாம் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன.